பிடிபட்டவன் முகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏற்காடு அடிவாரத்தில் நான் தினமும் டீ குடிக்கும் கடையில், போன வாரம் ஒரு பையன் செல்போனை நீட்டினான். "தாத்தா, நீங்க மிலிட்டரிதானே, இதைப் பாருங்க." உக்ரைன் போரில் பிடிபட்ட ஒரு சிப்பாயாம். எந்தப் பக்கத்து ஆள் என்று பையனுக்கே தெரியவில்லை. கைகளைக் கட்டியிருக்கிறார்கள், அழுகிறான், பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். கடையிலும் ரெண்டு பேர் சிரித்தார்கள்.

1972-ல் ராஞ்சியில் பாகிஸ்தான் போர்க்கைதிகளுக்குக் காவல் நின்றவன் நான். 1971 போரில் டிசம்பர் 16-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த பிறகு நம் கையில் இருந்தவர்கள் சுமார் 93,000 பேர். எங்கள் கேம்பில் அவர்களுக்கு எங்கள் பாரக்ஸ் கட்டடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு நாங்கள் கூடாரத்தில் படுத்தோம். மாதம் இரண்டு கடிதம், நான்கு கார்டு அவர்கள் வீட்டுக்குப் போடலாம். நான்கூட எங்கள் வீட்டுக்கு அவ்வளவு எழுதியதில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அப்போது என்னிடம் ஒரு ஆக்ஃபா க்ளிக் கேமரா இருந்தது. லீவில் வந்து அக்கா கல்யாணத்தில் எடுத்தது போக ரோலில் மூன்று படம் பாக்கி. ஊரில் காட்டலாமே என்று கம்பிவேலி ஓரம் ஒரு கைதியை நிற்கவைத்து எடுத்தேன். சுபேதார் பார்த்துவிட்டார். கேமராவைப் பிடுங்கி, பிலிமை வெயிலில் உருவிப் போட்டார். கல்யாணப் படமும் போச்சு. அக்கா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்.

அன்று ராத்திரி சுபேதார் கூப்பிட்டு விளக்கினார். சண்டை நடக்கும்போதே அப்போதைய ராணுவத் தளபதி மானெக்‌ஷா ரேடியோவிலும் துண்டறிக்கையிலும் எதிரிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்: ஆயுதத்தைப் போடுங்கள், போர்க்கைதிகளை எப்படி நடத்தவேண்டும் என்று நாடுகள் ஒப்புக்கொண்ட ஜெனீவா உடன்படிக்கைப்படி மரியாதையாக நடத்துவோம். அதை நம்பினால்தான் எதிரி கையைத் தூக்குவான். நம்பாவிட்டால் கடைசித் தோட்டா வரை சுடுவான். அந்தத் தோட்டா யார் மேல் பாயும் என்று கேட்டார். எனக்கு பதில் வரவில்லை.

1949-ன் மூன்றாவது ஜெனீவா உடன்படிக்கையில் 13-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: கைதியை அவமானத்துக்கும் பிறர் வேடிக்கைக்கும் ஆளாக்கக் கூடாது. 2019 பிப்ரவரியில் விமானி அபிநந்தனை ரத்தம் வழியும் முகத்தோடு பாகிஸ்தான் வீடியோவில் காட்டியபோது நம் அரசு இந்த உடன்படிக்கையைச் சொல்லித்தான் கண்டித்தது. இதே டீக்கடையில் அன்று நாங்கள் எல்லோரும் கொதித்தோம்.

சரி, அந்தச் சட்டம் அரசுகளைத்தான் கட்டும், செல்போன் வைத்திருக்கும் பையனைக் கட்டாது. பத்திரிகை அப்படித் தப்பித்துக்கொள்ளலாமா? பிடிபட்ட சிப்பாயின் படத்தைப் போட்டே ஆகவேண்டும் என்றால், எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் முகத்தை மறைத்துப் போடுங்கள். டிவிக்காரர்களுக்கும் இதையே சொல்வேன், அவர்கள் கடிதம் படிப்பார்களா தெரியாது.

அந்தப் பையனிடம் வீடியோவை அழிக்கச் சொன்னேன். நல்ல பிள்ளை, உடனே அழித்தான். அதற்குள் நாலு குரூப்புக்கு அனுப்பிவிட்டானாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார்,
ஏற்காடு அடிவாரம், சேலம்.