ஒஸ்லோவில் இருக்கும் மச்சாளுக்கு ஒரு மாரிக் கடிதம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சாள்,

உன் கடிதம் கிடைத்தது. வீடு வசதி, மருமகன் நல்ல பிள்ளை, பேத்தி மடியை விட்டு இறங்குவதே இல்லை, ஆனாலும் பின்னேரம் மூன்று மணி தாண்டி இருட்டியதும் நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கிறது என்று எழுதியிருந்தாய். வாசித்ததில் இருந்து எனக்கும் அதே யோசனைதான். தம்பி வீட்டில் ஒரு குளிர்காலம் நின்றவள் என்பதால் அந்த இருட்டு எனக்கும் தெரியும். டிசம்பர் 21 அளவில் ஒஸ்லோவில் பகல் ஆறு மணித்தியாலம்கூட இல்லை. இங்கே ஆனிக்கும் மார்கழிக்கும் பகலின் நீளத்தில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருண்டே பழகிய உடம்பு அங்கே திகைக்கத்தான் செய்யும். உனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயப்படாதே, புள்ள.

இங்கே மாரி நன்றாகப் பிடித்துவிட்டது. வாவி நிரம்பிக் கலங்கிக் கிடக்கிறது. கொடியில் போட்ட உடுப்பு காய்வதில்லை, அலுமாரிக்குள் பூஞ்சணம், உப்புச் சிரட்டையில் உப்பு கசிந்து தண்ணீராய் நிற்கிறது. விடியப்புறம் 23 பாகைக்கு இறங்கினாலே நாங்கள் காதைக் கட்டிக்கொண்டு திரிகிறோம். நீ இதைக் கேட்டால் சிரிப்பாய். இருந்தாலும் நாள் கணக்காக வெயில் முகம் காட்டாமல் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பது என்றால் என்ன என்று இந்த ஊருக்கும் தெரியும். நம் அம்மாமார் அதைச் சமாளித்த விதத்தை நினைத்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முழு வீட்டையும் சூடாக்கி வெளிச்சமாக்கப் பார்க்காதே. ஒரே ஒரு இடத்தைப் பிடி.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தது ஞாபகம் இருக்கும்தானே? நாம் சின்னப் பிள்ளைகள். உங்கள் வீட்டுக் கூரை முழுக்கப் போய், எங்கள் வீட்டில் நடு அறைக்கு மட்டும் ஓடு மிஞ்சியது. அந்த மாரி முடியும் வரை இரண்டு குடும்பமும் அந்த ஒரு அறைக்குள்தான். என் அம்மா சுவரோரம் பன்பாயை இரண்டு அடுக்காக விரித்து, அதன்மேல் பழைய சேலைகளை மடித்துத் தைத்த விரிப்பைப் போட்டிருந்தார். மூலையில் விளிம்பு உடைந்த சட்டியில் சிரட்டைத் தணல். அதில் சாம்பிராணி தூவி, மேலே கூடையைக் கவிழ்த்து, தங்கச்சியின் ஈரச் சட்டைகளை அதில் பரப்புவார் உன் அம்மா. குப்பி விளக்கைத் தரையில்தான் வைப்பார்கள். அதனால் சுற்றி இருந்தவர்களின் முகம் தெரியும், கூரை போன பக்கம் கண்ணில் படாது. ஊரே எத்தனையோ பேரைப் பறிகொடுத்து அழுதுகொண்டிருந்த காலம் அது. அப்படி இருந்தும் அந்த அறைக்குள் நாம் பயமில்லாமல் தூங்கினோம். அவித்த மரவள்ளிக்கிழங்கும் கூனிச் சம்பலும் வைத்துக்கொண்டு உன் அப்பா கதை சொல்ல, பாதியிலேயே தூங்கிப் போவோம்.

அதே வேலையை நீ அங்கே செய்யலாம் என்று நினைக்கிறேன். தணல் சட்டியை மட்டும் மறந்துவிடு. எங்களுக்குப் பாதிக் கூரை இல்லாததால் அது சரிவந்தது. காற்றுப் புகாத அந்த வீடுகளுக்குள் கரி எரித்தால் காபன் மொனொக்சைட் ஆளையே கொன்றுவிடும்.

முதலில் லைட்டைக் கவனி. நம் ஆட்களின் வீடுகளில், இங்கேயும் சரி அங்கேயும் சரி, கூரை நடுவில் ஒரே ஒரு வெள்ளை லைட் பளீரென்று எரியும். குளிர்காலப் பின்னேரத்துக்கு அந்த வெளிச்சம் ஆகவே ஆகாது. ஆஸ்பத்திரி வார்ட்டில் இருப்பது போலவே இருக்கும். பல்ப் பெட்டியில் 2700 கெல்வின் என்று போட்டிருப்பதை வாங்கச் சொல், அது மஞ்சள் வெளிச்சம். இரண்டு மூன்று சின்ன விளக்குகளை, இருந்தால் கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி, தாழ்வாக வை. நோர்வேக்காரர் இதில் கெட்டிக்காரர். நத்தாருக்கு நான்கு ஞாயிறு முன்னதாகவே யன்னலில் காகித நட்சத்திரமும் ஏழு விளக்குத் தண்டும் வைத்துவிடுவார்கள், திரைச்சேலையையும் இழுத்து மூட மாட்டார்கள். தெருவில் போகிறவனுக்கும் அந்த வெளிச்சத்தில் ஒரு பங்கு கிடைக்கும். தம்பி வீட்டில் இருந்து கடைக்கு நடந்த பின்னேரங்களில் அந்த யன்னல்கள்தான் எனக்குத் துணை. நீயும் ஒன்று வை. நம் கார்த்திகை விளக்கீட்டுக்கும் அதற்கும் எனக்குப் பெரிய தூரம் தெரியவில்லை.

அப்புறம், பகல் கொஞ்ச நேரம்தான் என்பதால் அதை வீணாக்காதே. பதினொன்றில் இருந்து ஒரு மணி வரை உன் கதிரை யன்னலோரம் இருக்கட்டும். முடிந்தால் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வா. அந்த மாதங்களில் சூரியன் அவ்வளவு தாழ்வாக நிற்பதால் தோலுக்கு விற்றமின் டி கிடைக்காது. பெயரில் 'ஆர்' எழுத்து வரும் மாதங்களில், செப்டம்பரில் இருந்து ஏப்ரல் வரை, கொட் மீன் ஈரல் எண்ணெய் குடிப்பது அங்கே பழைய வழக்கம். நாற்றம்தான், ஆனால் மருந்து. உன் டொக்டரிடம் கேட்டுத் தொடங்கு.

கை கால் வெடிக்கிறது, உதடு காய்கிறது என்றாயே, அது ஹீட்டரால் காய்ந்த காற்று. எனக்கு இங்கே காயாத உடுப்பு உனக்கு அங்கே உதவும். கழுவியதை ராத்திரி அறைக்குள் விரித்துவிடு, விடிவதற்குள் உடுப்பும் காயும், காற்றுக்கும் கொஞ்சம் ஈரம் வரும். ஆனால் யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடியத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். காலையில் எல்லா யன்னலையும் ஐந்து நிமிடம் அகலத் திறந்து மூடு. நாள் முழுக்க ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் சூடெல்லாம் போய்விடும்.

குசினி வாசனை இல்லாத வீட்டில் எனக்கு மனம் ஒட்டாது. உனக்கும் அப்படித்தான் என்று தெரியும். பொரித்தால் வாசம் ஜக்கெற்றில் ஏறிவிடும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கூச்சப்படுவார்கள் என்று மகள் சொல்வதும் நியாயம்தான். ஜக்கெற்றுகளை அலுமாரிக்குள் மூடி வைத்துவிட்டு, பின்னேரத்தில் அவிக்கிற சமையலாகச் செய். குரக்கன் பிட்டு, ரசம், பயறு. மல்லியும் வேர்க்கொம்பும் தட்டிப் போட்டுக் கேத்தலில் கொதிக்கவிட்டாலே வீடு நிறைந்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், அந்த மூலைக்கு ஆட்கள் வரவேண்டும். மகளும் மருமகனும் வேலையால் வந்து ஆளுக்கொரு அறைக்குள் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தால் எத்தனை விளக்கு வைத்தும் பலன் இல்லை. நீ தாய், கேட்கலாம். சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணித்தியாலம் எல்லோரும் அந்த இடத்தில் இருக்கவேண்டும் என்று சொல். பேத்திக்கு உன் அப்பா சொன்ன கதைகளைச் சொல்.

அடுத்த தெருப் பொடியன் ஒருவன் தைப்பொங்கலுக்கு முன் ஒஸ்லோவுக்கு வருகிறான். அவனிடம் வேர்க்கொம்பு, வறுத்த கச்சான், கொஞ்சம் கூனி, மருதமுனை கைத்தறிப் போர்வை ஒன்று கொடுத்துவிடுகிறேன். பன்பாயும் அனுப்ப ஆசை, பெரிய பாய் அவன் பெட்டிக்குள் அடங்காது. பேத்தி இருக்கிற அளவுக்குச் சின்னதாக ஒன்று இழைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். அவளுக்குப் பிடித்த நிறம் எது என்று உடனே எழுது, பன்னுக்குச் சாயம் போட முன் சொல்லவேண்டும்.

அன்புடன்,
உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த மச்சாள்