திரும்பி வரும் பார்சலைப் பற்றி நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் கல்லூரி நேரம் போக மீதி நேரத்தில் எங்கள் தோல் பைகளைப் பார்சல் கட்டுகிறாள். கணக்குப் புத்தகமும் அவள் கைக்குப் போய்விட்டதால் வீட்டில் எனக்கு மரியாதை சற்றுக் குறைந்திருக்கிறது.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் உன் காலணியை வாங்கிய ஜெர்மனிக்காரர், அது சிறிதாக இருக்கிறது, திருப்பி அனுப்பட்டுமா என்கிறார். அனுப்பும் செலவோ காலணியின் விலையைத் தொடுகிறது. பணத்தைக் கொடுத்துவிடு, காலணி அவரிடமே இருக்கட்டும். பெருந்தன்மைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஜோடி உன் மேசைக்கு வந்து சேரும்போது கூரியர் கூலி, ஒருவேளை சுங்க வரி, நசுங்கிய பெட்டிக்குப் பதில் புதுப்பெட்டி என்று எல்லாம் அதன் தலையில் ஏறியிருக்கும். அதை மறுபடி விற்றாலும் உனக்கு மிஞ்சப்போவது ஒன்றுமில்லை.

ஆனால் இந்த முடிவை ஒவ்வொரு முறையும் புகார் வந்த பிறகு, எரிச்சலோடு உட்கார்ந்து எடுக்காதே. எங்கள் சரக்குப் புத்தகத்தில் மகள் ஒரு பத்தி சேர்த்திருக்கிறாள். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே 'வரட்டும்' அல்லது 'போகட்டும்' என்று ஒரே சொல். உள்நாட்டிலிருந்து என்றால் ஏறக்குறைய எல்லாமே 'வரட்டும்'தான். வெளிநாட்டிலிருந்து என்றால் பெரிய தோல் பைகள் மட்டும் வரட்டும். பர்ஸ், பெல்ட், சாவிக்கொத்து எல்லாம் போகட்டும். இது நமக்குள் இருக்க வேண்டிய கணக்கு. விற்பனைப் பக்கத்தில் எழுதி வைத்தால் அதற்கென்றே வாங்குகிறவர்கள் வந்து சேருவார்கள். பணம் கொடுக்கும் முன் குறை தெரியும்படி படம் கேள். பொருளைக் கத்தரித்துப் படம் அனுப்பச் சொல்லும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது ஒவ்வாது. கையால் தைத்ததை வெட்டச் சொல்ல மனம் வரவில்லை; தெரிந்தவர் யாருக்காவது கொடுங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

'வரட்டும்' என்று முடிவு செய்த பொருள்தான் உண்மையில் தலைவலி. வாங்கியவர் அதைத் தம் ஊர் அஞ்சலகத்துக்கு எடுத்துப் போகிறார். சுங்கப் படிவத்தை நீட்டுகிறார்கள். அவர் தமக்குத் தெரிந்த மாதிரி 'தோல் பை' என்று எழுதி, உன்னிடம் கொடுத்த விலையையே மதிப்பாகப் போட்டு, விற்பனைப் பொருள் என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டுப் போய்விடுவார். பார்சல் இங்கே வந்ததும் சுங்க அதிகாரியின் கண்ணுக்கு அது வெளிநாட்டிலிருந்து நீ வாங்கிய பை. நீயே செய்த பைக்கு இறக்குமதி வரி கட்டச் சொல்வார். அவர்மேல் குற்றமில்லை, தாளில் இருப்பதை அவர் படிக்கிறார்.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதை நீயே எழுதிக் கொடு. அஞ்சல் வழியாக வரும் பார்சலுக்கான சிஎன் 23 படிவத்தில் 'திருப்பி அனுப்பப்படும் பொருள்' என்று தனிக் கட்டமே இருக்கிறது. குறி அதில் விழ வேண்டும். நீ அனுப்பியபோது போட்ட பொருள் விவரத்தையும், பொருளின் வகையைக் காட்டும் சுங்கக் குறியீட்டு எண்ணையும் அப்படியே தர வேண்டும்; அந்த எண்ணில் முதல் 6 இலக்கங்கள் உலகச் சுங்க அமைப்பின் முறைப்படி எல்லா நாடுகளுக்கும் பொது. முதலில் போன பார்சலின் டிராக்கிங் எண்ணும் இன்வாய்ஸ் எண்ணும் விவரத்தோடு சேர்ந்து வரட்டும். இன்வாய்ஸ் நகல் ஒன்று பெட்டிக்கு உள்ளே, ஒன்று வெளியே உறையில். இத்தனையையும் ஒரே பக்கத்தில், எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று குறித்து அனுப்பினால் பெரும்பாலானவர்கள் பார்த்து எழுதிவிடுகிறார்கள்.

உன் பக்கத்திலும் வேலை இருக்கிறது. ஏற்றுமதியான பொருள் அதே நிலையில் திரும்பினால் வரி விலக்குத் தர அநேகமாக எல்லா நாடுகளிலும் வழி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் பொதுவாக அதற்கு 3 ஆண்டுக் கெடு. எங்கேயாக இருந்தாலும், போனதும் வந்ததும் ஒரே பொருள்தான் என்று நிரூபிப்பது உன் பொறுப்பு. அதனால் அனுப்பும் முன்பே படம் எடுத்து வை: பொருளில் இருக்கும் வரிசை எண் தெரிய ஒன்று, தராசில் எடை தெரிய ஒன்று. வரிசை எண் இல்லையென்றால் உள்பக்கத் தோலில் சிறிதாக ஓர் எண் குத்திவிடு. ஏற்றுமதிக்காக ஏதாவது சலுகை வாங்கியிருந்தால், பொருள் திரும்பும்போது அதையும் திருப்பிக் கட்ட நேரும். இதை உன் கணக்காளரிடம் இப்போதே கேட்டு வை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தாய். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களைக் குறிவைத்து விற்றால் அவர்களின் நுகர்வோர் விதி நம்மைத் தொடும். பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. சொன்னதிலிருந்து 14 நாளுக்குள் நீ பணத்தைத் தர வேண்டும், முதலில் வாங்கிய சாதாரண அனுப்புக் கூலியையும் சேர்த்து. பொருளோ, அனுப்பிய அத்தாட்சியோ வரும்வரை பணத்தை நிறுத்தி வைக்கலாம். திருப்பி அனுப்பும் கூலி வாங்கியவருடையது. ஆனால் அதை முன்கூட்டியே தெளிவாக எழுதியிருந்தால்தான். எழுதாவிட்டால் அதுவும் உன் தலையில். உரிமை இருப்பதையே சொல்லாமல் விட்டால் அந்த 14 நாளோடு இன்னும் 12 மாதம் கூடிவிடும். கால் அளவு வாங்கி அவருக்கென்றே தைத்துக் கொடுத்ததற்கு மட்டும் இந்த உரிமை இல்லை. அமெரிக்காவில் பொதுவான திருப்பி அனுப்பும் உரிமையைத் தரும் மத்தியச் சட்டம் கிடையாது, நீ எழுதி வைத்ததுதான் பேசும். ஆனால் விற்பனைத் தளத்தின் விதி உன் விதிக்கு மேலே நிற்கும், மறந்துவிடாதே.

வாங்க மறுத்த பார்சல் இன்னொரு தொல்லை. அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த வரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை 1 முதலே எவ்வளவு சிறிய விலைக்கும் வாட் எனப்படும் மதிப்புக் கூட்டு வரி உண்டு. வாசலில் வந்து நிற்கும் கூரியர் ஆள் வரி கேட்டதும் கதவைச் சாத்திவிடுகிறவர்கள் பலர். பார்சல் திரும்பிப் புறப்பட்டால் அந்தக் கூலியும் உன்னிடம்தான் கேட்பார்கள். வரியை முன்கூட்டியே விலையில் சேர்த்து வசூலித்து, வரி கட்டிய சரக்காக அனுப்புவதுதான் என் வழக்கம். விற்பனை கொஞ்சம் குறைந்தது, தூக்கம் கூடியது. பார்சல் அனுப்பும்போது 'சேர்க்க முடியாவிட்டால் திருப்பி அனுப்பவும்' என்றா 'கைவிட்டதாகக் கொள்ளவும்' என்றா என்று கேட்கும் இடத்திலும் அந்த 'வரட்டும், போகட்டும்' பத்தியைப் பார்த்தே குறியிடு.

வாங்கியவரே சுங்கத்தில் வரி கட்டியிருந்தால் அதை நீ திருப்பித் தர முடியாது. அவர் தம் நாட்டுச் சுங்கத்திடம் விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். பலருக்கு இது தெரியாது, உன்மேல் கோபப்படுவார்கள். முதல் பதிலிலேயே சொல்லிவிடு. பேபால் வழியாகக் கட்டியவர் 180 நாள் வரை தகராறு எழுப்ப முடியும். ஆகவே பதில் தாமதிப்பதில் உனக்கு ஒரு லாபமும் இல்லை.

பிறகு, உன் காலணிக்கு மட்டும் உரிய விஷயம். பட்டியலில் '8' என்று மட்டும் போட்டிருக்கிறாய். பிரிட்டிஷ் 8 வேறு, அமெரிக்க 8 வேறு. ஐரோப்பாவில் எண்ணே 40க்கு மேலே போய்விடும். பாதத்தின் நீளத்தை மில்லிமீட்டரில் போடு. தாளின்மேல் நின்று, குதிகாலிலிருந்து நீண்ட விரல் நுனிவரை அளக்கச் சொல், படமும் வை. அகலப் பாதத்துக்கு எந்தக் காலணி வடிவம் பொருந்தும் என்று நீ நேரில் சொல்வாயே, அதே பேச்சை இரண்டு வரியில் எழுது. ஜெர்மனிக்காரர் மாதிரியான கடிதங்களில் பாதி இதிலேயே நின்றுவிடும் என்பது என் கணிப்பு.

அந்த நாட்டிலேயே முகவரி கொடுத்து, திரும்பும் சரக்கைச் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும் நிறுவனங்களும் உண்டு. மாதாமாதம் ஒரே நாட்டிலிருந்து பல பார்சல்கள் திரும்பினால் பார்க்கலாம். உனக்கு இப்போது வேண்டாம்.

நீ எழுதியிருக்கும் திருப்பி அனுப்பும் விதிகளை எனக்கு அனுப்பு. மகள் சிவப்பு மையோடு தயாராக இருக்கிறாள். நாங்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் அந்த ஒரு பக்கக் குறிப்பையும் அவளே உனக்கு அனுப்பி வைப்பாள். பைக்குப் பதில் காலணி என்று மாற்றிக்கொண்டால் போதும். ஜெர்மனிக்காரருக்கு மட்டும் இன்றே பதில் எழுதிவிடு.

அம்மாவை நலம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்