இயற்றியவர் கட்டத்தில் யார் பெயரைப் போடுவது?

டிஜிட்டல் இசை விநியோக நிறுவனத்தாருக்கு,

வணக்கம். கும்பகோணம் பக்கத்து நாகஸ்வர, தவில் கலைஞர்களின் பதிவுகளை உங்கள் வழியாக யூடியூப், ஸ்பாட்டிஃபை என்று ஏற்றிக்கொடுப்பது என் வேலை. முன்பு கேசட் கடை வைத்திருந்தேன். அப்போது கம்பெனிக்காரர் பதிவு செய்வார், ஒரு தொகையைக் கையில் கொடுப்பார், அதோடு சரி. ஆனால் அட்டையில் தவில்காரர் பெயரும் இருக்கும்.

இப்போது கலைஞரேதான் லேபிள், அவரேதான் பப்ளிஷர். நீங்கள் ஆண்டுச் சந்தாவோ பங்கோ வாங்கிக்கொண்டு பாட்டைக் கடைபரப்புகிறீர்கள். இதில் எனக்கு வருத்தமில்லை. பதிவின் உரிமை வாசித்தவரிடமே நிற்கிறதே.

போன தையில் ஒரு தியாகராஜர் கீர்த்தனையை ஏற்றினேன். வாசித்தவர் நம்ம ஊர்க்காரர், வாத்தியம் நரசிங்கம்பேட்டையில் கடைந்தது. படிவத்தில் ‘மரபுப் பாடல்’ என்றுதான் குறித்தேன். மூன்றாம் நாளே யூடியூபில் கிளெய்ம்: மெட்டு தன்னுடையது என்கிறது ஒரு நிறுவனம். தியாகராஜர் திருவையாற்றில் சமாதியானது 1847-ல். நம் சட்டத்தில் பதிப்புரிமை, இயற்றியவர் இறந்து 60 ஆண்டு வரைதான். மறுப்பு எழுதினேன். அதைப் படித்துப் பார்ப்பவரும் கிளெய்ம் போட்டவரே, அவருக்கு 30 நாள் அவகாசம் வேறு! 28-ஆம் நாள் கிளெய்மை விட்டுவிட்டார்கள். ஒரு வரி விளக்கம் இல்லை.

இப்படிப்பட்ட கிளெய்ம்களில் பல உங்களைப் போன்றவர்கள் வழியாகத்தான் போகின்றன. மரபு மெட்டை எவரும் தன்னுடையதென்று பதிய வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள்.

அப்புறம் தவில். தனி வாசிக்கும்போது நாகஸ்வரம் ஓய்ந்திருக்கும், அவர் கைதான் பேசும். உங்கள் படிவத்திலோ அவர் ‘பிற பங்களிப்பாளர்’. 2012 சட்டத் திருத்தம் வாசிப்பவருக்கும் ராயல்டியில் உரிமை தருகிறது. பங்கு பிரிக்க வழி வைத்திருக்கிறீர்கள், சரி; அதற்கு அவர் ஆங்கிலத்தில் தனிக் கணக்கு தொடங்க வேண்டும். மேளம் முடிந்து விடிகாலை வீடு திரும்புகிறவரிடம் இதை எப்படிச் சொல்வேன்? தமிழில் ஒரு பக்கம் போதும். (ஓராண்டில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் காசே தருவதில்லை. அதற்கு உங்களைக் குறைசொல்ல மாட்டேன்.)

அடுத்த வாரம், அந்தக் கீர்த்தனையை வாசித்த நாகஸ்வர அண்ணனின் தோடி ராக ஆலாபனையை ஏற்றப் போகிறேன். கீர்த்தனை கிடையாது, 22 நிமிடமும் அவர் கற்பனை. ‘இயற்றியவர்’ கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் நகராது. “யார் பேரைண்ணே போடட்டும்?” என்று கேட்டேன்.

நாகஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். “ஏன், என் பேரைப் போடேன்.”

போடலாம்தானே?