உங்கள் கேள்வி எங்கள் சமையற்கூடம் வரை வரும்

மாண்புமிகு தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்கள் 234 பேருக்கும் வணக்கம்.

நான் ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர். 1989-ல், பிள்ளைகளுக்கு முட்டை போட ஆரம்பித்த வருடம், ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டைதான். 2010-ல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை என்று ஆனபோதும் அதே சமையற்கூடத்தில்தான் இருந்தேன். இந்தக் கடிதம் ஆளுங்கட்சிக்கா எதிர்க்கட்சிக்கா என்று யாரும் தேட வேண்டாம். அமைச்சராக இல்லாத எல்லா உறுப்பினருக்கும்தான் எழுதுகிறேன், ஏனென்றால் கேள்வி கேட்கும் வேலை உங்களுடையது.

2022 ஜனவரியில் கேள்வி நேரத்தை நேரலையாகக் காட்டத் தொடங்கியதிலிருந்து கைபேசியில் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. நீங்கள் கேட்கும் ஒரு கேள்வி கீழே எவ்வளவு தூரம் வருகிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். அது வந்து சேரும் கடைசி இடத்தில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான், அதனால் சொல்கிறேன்.

எங்கள் சத்துணவு மையத்தில் பொருள் வைப்பறை மழைக்கு ஒழுகும். அரிசி மூட்டைக்கு அடியில் செங்கல் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு, ஐப்பசி கார்த்திகையில் ராத்திரி மழை பெய்தால் தூக்கம் வராமல் விடிந்ததும் முதல் ஆளாக ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து பார்ப்பேன். மூன்று வருடம் மனு எழுதினேன். நேரில் போய்க் கொடுத்தேன், தபாலில் போட்டேன், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்றும் கொடுத்தேன். ரசீது மட்டும் சேர்ந்தது. அப்புறம் ஒருநாள் காலை பத்தரை மணிக்கு ஒன்றிய அலுவலகத்திலிருந்து போன். "எல்.ஏ.க்யூ. வந்திருக்கும்மா, சமையற்கூடம் எத்தனை பழுது, பொருள் வைப்பறை எத்தனை பழுது, மூன்று மணிக்குள் எழுத்தில் வேண்டும்" என்றார்கள். எல்.ஏ.க்யூ. என்றால் சட்டமன்றக் கேள்வி, அலுவலகங்களில் அப்படித்தான் சொல்வோம். உங்களில் யாரோ ஒருவர் கேள்வி கொடுத்திருக்கிறார். எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது தலைமைச் செயலகத்திலிருந்து சமூக நல ஆணையரகத்துக்கு, அங்கிருந்து ஆட்சியரின் சத்துணவு நேர்முக உதவியாளருக்கு, அங்கிருந்து வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு, அங்கிருந்து எனக்கு என்று இறங்கி வந்திருக்கிறது. மூன்று வருட மனு நகர்த்தாத கோப்பை அந்த ஒரு கேள்வி ஒரே நாளில் எடுக்க வைத்தது. அடுத்த மழைக்கு முன்னால் கூரை மாற்றிக் கொடுத்தார்கள்.

அந்தக் கேள்வி சபையில் வாய்மொழியாக வந்ததா, கேள்வி நேரத்தின் ஒரு மணி நேரம் முடிந்து விடுபட்டுப் போனதா என்றுகூட எனக்குத் தெரியாது. கேள்வி போனதுமே கணக்கெடுப்பு நடந்துவிட்டது, எனக்கு அதுவே பெரிய உதவி. தன் பெயர் நாளைய செய்தித்தாளில் வராது என்று தெரிந்தும் இப்படிக் கேள்வி எழுதிக் கொடுக்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் நன்றி.

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கேள்வியில் என்ன வார்த்தை இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் பதில் வரும். எங்கள் பக்கத்துக் கிராமத்தில் அமைப்பாளர் ஓய்வு பெற்றார், அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. அந்த மையத்தையும் நானே பார்த்தேன், அப்புறம் மூன்றாவதும் சேர்ந்தது. ஒரு மையத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நான்கு கிலோமீட்டர். இங்கே அரிசி அளந்து கொடுத்துவிட்டு அங்கே ஓடினால் அங்கே உலை வைத்து முடித்திருப்பார்கள், எத்தனை பிள்ளை வந்திருக்கிறது, எவ்வளவு போட்டார்கள் என்று நான் எண்ணிப் பார்க்கவே முடியாது. அந்த நாட்களிலும் ஒரு சட்டமன்றக் கேள்வி வந்தது. எல்லா மையங்களும் செயல்படுகின்றனவா என்பது கேள்வி. காலியிடம் என்று எழுதாதே, கூடுதல் பொறுப்பு என்று எழுது என்றார்கள். எழுதினேன். மூன்று மையமும் செயல்படுவதாக மேலே போனது. அதில் பொய் ஒன்றும் இல்லை, சோறு வெந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தப் பதிலைச் சபையில் கேட்டவருக்கு, மூன்று அடுப்புக்கு ஒரு ஆள் என்பது எப்படித் தெரியும்?

அதே கேள்வியில், ஒன்றுக்கு மேற்பட்ட மையங்களைக் கவனிக்கும் அமைப்பாளர்கள் எத்தனை பேர், எத்தனை மாதமாக என்று இருந்திருந்தால் தப்பிக்க வழியே இல்லை, எண்ணிச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதனால்தான், அமைச்சர் பதில் சொன்னதும் அங்கேயே எழுந்து கேட்கும் துணைக் கேள்வியைச் சரியாகக் கேளுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். முதல் பதில் அலுவலகத்தில் எழுதி வந்த பதில். துணைக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று தானாகச் சொல்ல வேண்டும். நேரலையில் நான் பார்த்த எத்தனையோ நாட்களில், துணைக் கேள்வி என்று எழுந்தவர்கள் பேரவைத் தலைவருக்கு நன்றி சொல்லி, அமைச்சருக்கு நன்றி சொல்லி, கடைசியில் "என் தொகுதிக்கும் ஒன்று தர வேண்டும்" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார்கள். தொகுதிக்குக் கேட்பது உங்கள் கடமை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் "நிதிநிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று அமைச்சர் சொன்னவுடன், எந்தத் தேதிக்குள் என்று ஒரு வரி கேட்கக் கூடாதா?

ரேஷன் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கடைகளை நடத்துவது கூட்டுறவுச் சங்கங்கள், அதற்கு ஒரு அமைச்சர். பொருள் வாங்கி அனுப்புவது நுகர்பொருள் வாணிபக் கழகம், அது உணவுத் துறை. கடைக்காரரைக் கேட்டால் மேலிருந்து வரவில்லை என்பார், மேலே கேட்டால் அனுப்பிவிட்டோம் என்பார்கள். 2024 மே மாதம் துவரம் பருப்பும் பாமாயிலும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை, ஜூனில் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். கிலோ 30 ரூபாய் பருப்பை நம்பிக் குழம்பு வைக்கும் வீட்டில் அந்த ஒரு மாதம் என்ன செய்வார்கள்? ஒரு மாவட்டத்துக்கு எத்தனை டன் தேவை, எந்தத் தேதியில் எத்தனை டன் கடைக்குப் போய்ச் சேர்ந்தது என்று இரண்டு துறைக்கும் ஒரே நாளில் கேள்வி போட்டால் இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதியோர் உதவித்தொகை 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2023-ல் 1,200 ஆனது. ஒன்றிய அரசின் முதியோர் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு அவர்கள் கொடுக்கும் பங்கு 200 ரூபாய், 80 ஆனால் 500. பல வருடமாக அதே 200-தான், மீதியை மாநிலம் போடுகிறது. அமைச்சர்கள் மொத்தம் இத்தனை லட்சம் பேருக்குக் கொடுக்கிறோம் என்று சொல்கிறார்கள், அது பெரிய காரியம்தான், எங்கள் தெருவிலேயே அந்தப் பணத்தில் மாத்திரை வாங்கும் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். ஆனால் என் வீட்டுக்கு எதிரே இருக்கும் அப்பத்தாவுக்கு ஒரு மாதம் பணம் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. ஏன் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட வரவில்லை. அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன், மறு ஆய்வில் நீக்கியிருக்கிறார்கள் என்றார்கள், அவ்வளவுதான். எதனால் என்று தெரிந்தால்தானே திரும்ப விண்ணப்பிக்க முடியும்? எத்தனை பேருக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தயாராக இருக்கிறது. கடந்த ஒரு வருடத்தில் எத்தனை பேருக்கு நிறுத்தினீர்கள், அதில் எத்தனை பேருக்கு எழுத்து மூலம் காரணம் சொன்னீர்கள், தகுதி இருந்தும் காத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று வட்டவாரியாகக் கேளுங்கள்.

ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்குத் தயக்கம் இருக்கும், புரிகிறது. ஆனால் சபையில் பேசியதற்காக யாரும் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 194-வது பிரிவு பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு என்று 164-வது பிரிவு சொல்கிறது. சட்டமன்றம் என்றால் அதில் நீங்களும்தானே! சொந்தக் கட்சி அமைச்சரிடம் ஒரு எண்ணிக்கை கேட்பது துரோகம் ஆகாது. எதிர்க்கட்சியினரிடம் ஒன்று கேட்கிறேன். பெரிய பிரச்சினை வரும்போது கேள்வி நேரத்தை ஒத்திவைக்கச் சொல்கிறீர்கள், சில சமயம் அதற்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு யாரோ ஒரு அமைப்பாளரின் ஒழுகும் கூரையும் பட்டியலில் இருந்திருக்கலாம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டமன்றம் கூடும் நாட்களே குறைவு, அண்மையில் எந்த வருடமும் நூறு நாளைத் தொட்டதில்லை, அதில் ஒரு மணி நேரம் போனால் திரும்ப வராது.

அமைச்சர் சபையில் கொடுத்த வாக்குறுதியைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று உங்களிடமே இருக்கிறது. துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கையின்போது துறைவாரியாகக் கொள்கை விளக்கக் குறிப்பு கொடுக்கிறார்கள். தயவுசெய்து அதைப் படியுங்கள். போன வருடத்து அறிவிப்பையும் இந்த வருடத்துக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பத்துக் கேள்வி கிடைக்கும்.

சத்துணவில் மட்டும் எனக்கு வேண்டிய கேள்விகளை இங்கேயே எழுதிவிடுகிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளர் பணியிடங்களை மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நிரப்ப அரசாணை போட்டார்கள். அதில் எத்தனை பேர் இன்று அடுப்படியில் நிற்கிறார்கள், எந்தெந்த ஒன்றியத்தில்? அமைப்பாளர் பணியிடங்கள் எத்தனை காலி, எந்தத் தேதியிலிருந்து காலி? காய்கறிக்கும் தாளிப்புக்கும் எரிபொருளுக்கும் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குக் கொடுக்கும் தொகையை எந்தச் சந்தை விலையை வைத்துக் கணக்கிட்டீர்கள்? 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கும்போது 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை என்று வைத்தார்கள், நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறதா என்று எந்தத் துறையாவது கணக்கெடுத்ததா? எடுத்திருந்தால் அந்த எண்ணிக்கை என்ன?

கடைசிக் கேள்வியை யாராவது கேட்டால், எங்கள் ஊர்ப் பள்ளியில் இப்போது பொறுப்பில் இருக்கும் பெண்ணுக்குப் போன் வரும். அவள் சரியாக எண்ணிச் சொல்வாள், நான்தான் அவளுக்குப் பதிவேடு எழுதக் கற்றுக்கொடுத்தேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
ராமநாதபுரம் மாவட்டம்