எபர்ஹார்ட் கட்டுரையில் விடுபட்டது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியை ஆண்ட ‘தாடிக்கார’ எபர்ஹார்ட் பற்றி வந்த கட்டுரையை நாலு ரோடு டீக்கடையில் படித்துவிட்டு, வீட்டுக்கு வாங்கி வந்து இன்னொரு தடவையும் படித்தேன். 14 வயதில், 1459இல் ஆட்சிக்கு வந்தது, லத்தீன் படிக்காத அந்த மனிதரே 1477இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது எல்லாம் சரி. இவர் பிறக்கும் முன்பே அப்பாவும் சித்தப்பாவும் ரெண்டாகப் பிரித்துக்கொண்ட வூர்ட்டம்பெர்க்கை 1482இல் முன்சிங்கன் ஒப்பந்தம் போட்டு ஒன்றாக்கி, இனிமேல் பிரிக்கவே கூடாது என்று எழுதி வைத்தாரே, அதற்கு ஒரே ஒரு வரியா? ரெண்டு ஏக்கர் மாந்தோப்புப் பாகத்துக்காக வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்கிற எங்கள் பக்கத்து ஆட்கள் அதைத்தான் விரும்பிப் படித்திருப்பார்கள்.

பாதிப் பக்கத்தை அந்தக் கதை தின்றுவிட்டது. மற்ற அரசர்கள் வெள்ளிச் சுரங்கம், திராட்சைத் தோட்டம் என்று பீற்றிக்கொள்ள, இவர் மட்டும் ‘எவ்வளவு பெரிய காடானாலும் என் குடிமகன் எவன் மடியிலும் பயமில்லாமல் தலைவைத்துப் படுப்பேன்’ என்றாராம். ஸ்டுட்கார்ட் பூங்காவில் ஆட்டிடையன் மடியில் அவர் தூங்குகிற சிலைகூட இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் பல்கலைக்கழகத்துக்காக அதே 1477இல் அவர் கொடுத்த சாசனத்திலேயே டூபிங்கனில் யூதர்கள் குடியிருக்கக் கூடாது என்று இருக்கிறது. 1492இல் எழுதிய உயிலில் அதை நாடு முழுவதற்கும் விரித்து, வசிக்கவும் கூடாது, தொழில் செய்யவும் கூடாது என்றார். அவர்கள் எங்கே போய்த் தலைவைத்துப் படுப்பது? இதைப் பற்றி ஒரு வார்த்தை கூட உங்கள் கட்டுரையில் இல்லை.

உங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நாங்களும் தகடூர்க்காரர்கள்தானே, அதியமான் என்றால் நெல்லிக்கனிதான். பள்ளி நாடகத்தில் நான்தான் ஔவையார், நெல்லிக்காய் கிடைக்காத மாதம் என்பதால் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டார்கள், கைதட்டல் என்னவோ குறையவில்லை. அதே ஔவையார் அவன் கோவலூரை அழித்ததையும் புறநானூறு 99இல் பாடியிருக்கிறார் என்பது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கே தெரியும்.

அப்புறம் ஒரு சின்னத் திருத்தம். படத்துக்குக் கீழே ‘டியூக் எபர்ஹார்ட், 1477’ என்று போட்டிருக்கிறீர்கள். அப்போது அவர் வெறும் கவுண்ட், நம் அதியமான் மாதிரி குறுநிலத் தலைவர். அதைவிடப் பெரிய டியூக் பட்டம் 1495இல் வோர்ம்ஸ் நகரத்தில் ஜெர்மன் மன்னர் மாக்சிமிலியன் கொடுத்தது. அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அதியமான்கோட்டை, தர்மபுரி மாவட்டம்