முப்படைத் தலைமைத் தளபதி பதவி இனி ஒருநாளும் காலியாக இருக்கக் கூடாது

மதிப்பிற்குரிய பாதுகாப்பு அமைச்சகத்தாருக்கு,

வணக்கம். நீலகிரியில் வாழும் ஒரு குடிமகன் எழுதுகிறேன்.

2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. சூலூரிலிருந்து வெலிங்டன் முப்படை அதிகாரிகள் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தது. அந்த ஊர் மக்கள் யார் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார்கள். அடிபட்டவர்களைத் தூக்கிச் செல்ல வீட்டுக் கம்பளிகளைக் கொடுத்தார்கள். நாட்டின் முதல் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தும் அவர் மனைவியும் உட்பட 14 உயிர்களை இழந்தோம்.

அவருக்கு அடுத்தவரான ஜெனரல் அனில் சௌஹான் பொறுப்பேற்றது 2022 செப்டம்பர் 30 அன்று. இடையில் ஒன்பது மாதங்களுக்கும் மேல் அந்த நாற்காலி காலியாக இருந்தது. அதுதான் என் மனத்தை அறுக்கிறது.

2019 டிசம்பரில் இந்தப் பதவியை உருவாக்கியபோது, முதல் தளபதி பொறுப்பேற்ற மூன்றே ஆண்டுகளில் பயிற்சி, போக்குவரத்து, தகவல்தொடர்பு, பழுதுபார்ப்பு என எல்லாவற்றிலும் முப்படைகளையும் இணைக்க வேண்டும் என்று கெடு வைத்தவர்கள் நீங்கள்தான். அந்த 36 மாதங்களில் ஏறத்தாழ பத்து மாதங்களைத் தலைவரே இல்லாமல் கழித்தால் கெடுவுக்கு என்ன பொருள்? உங்கள் அமைச்சகத்தின் ராணுவ விவகாரத் துறைச் செயலாளரும் தலைமைத் தளபதியேதான். ஆக, ஒரு விபத்தில் இரண்டு நாற்காலிகள் காலியாயின. நியமன விதிகளைத் திருத்தவே 2022 ஜூன் ஆகிவிட்டது.

தலைவரில்லாத குறை நமக்குப் புதிதல்ல. 1947 வரை மூன்று படைகளுக்கும் ஒரே தலைமைத் தளபதி இருந்தார். அவர் குடியிருந்த மாளிகைதான் பின்னர் நேரு வாழ்ந்த தீன்மூர்த்தி பவன். சுதந்திரத்துக்குப் பின் படைக்கொரு தலைவர் என்றானது. 1955-ல் அந்தத் தலைவர்களுக்கு இருந்த தலைமைத் தளபதி என்ற பட்டமும் போயிற்று. 1962 போரில் விமானப்படையின் போர் விமானங்கள் தாக்குதலில் இறங்கவே இல்லை. 1999-ல் கார்கில் மலையில் நம் வீரர்கள் ஏறிக்கொண்டிருந்தபோது, ஹெலிகாப்டரை அனுப்பலாமா கூடாதா என்று தரைப்படையும் விமானப்படையும் வாதாடிக்கொண்டிருந்தன. அந்தப் பாடத்தைப் படித்து, இப்படியொரு பதவி வேண்டும் என 2001-லேயே அமைச்சர்கள் குழு பரிந்துரைத்தது. அது நிறைவேற இன்னும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அத்தனை ஆண்டு காத்திருந்து பெற்றதையா காலியாக விடுவது?

2025-லும் மனம் பதைத்தது. ஜெனரல் அனில் சௌஹானின் பணிக்காலம் செப்டம்பர் 30-ல் முடியவிருக்க, நீட்டிப்பு அறிவிப்பு 24-ம் தேதிதான் வந்தது. ஊராட்சிச் செயலர் மாற்றம்கூட இவ்வளவு நெருக்கத்தில் நடந்தால் ஊர் கேள்வி கேட்கும்.

இதையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்தருள வேண்டும். 2008-ல் ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா வெலிங்டன் மருத்துவமனையில் காலமானார். 1971 போரை வென்று தந்த அவரை ஊட்டியில் அடக்கம் செய்தபோது பாதுகாப்பு அமைச்சரும் வரவில்லை, முப்படைத் தலைவர்களும் வரவில்லை. எங்கள் மலை அதை மறக்கவில்லை. இருக்கும்போது பதவிக்கு மதிப்பில்லை, இறந்த பின் மனிதருக்கும் மதிப்பில்லை என்றால், எங்கள் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பும் நாங்கள் என்ன நினைப்பது?

கோபத்தில் தடம் மாறிவிட்டேன். கேட்க வந்தது ஒன்றுதான். தலைமைத் தளபதியின் பணிக்காலம் முடிவதற்குக் குறைந்தது மூன்று மாதங்கள் முன்பே அடுத்தவர் பெயரை அறிவிக்க வேண்டும். எதிர்பாராமல் பதவி காலியானால் அன்றே பொறுப்பேற்கத் துணைத் தலைமைத் தளபதி ஒருவர் இருக்க வேண்டும். இரண்டையும் விதியாக எழுதி, அரசிதழில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீலகிரி மாவட்டக் குடிமகன்