மன்னாரைத் திட்டுவதற்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடமேற்குக் கரையிலுள்ள மன்னார் ஆட்கள் காற்றாலையை மறிப்பதால்தான் எங்களுக்குக் கரண்ட் பில் குறையவில்லை என்று இப்போது வெள்ளவத்தையில் எந்தக் கடையில் நின்றாலும் யாராவது சொல்கிறார்கள். உங்கள் பத்திரிகையிலும் போன வாரம் ஒரு வாசகர் கிட்டத்தட்ட அதையே எழுதியிருந்தார், நாட்டின் சுயசார்பைக் குழப்புகிறவர்கள் என்ற தோரணையில். நானும் கொழும்பில் ஏசி போட்டுத் தூங்குகிறவன்தான், காற்றாலை வேண்டாம் என்கிற ஆளும் இல்லை. ஆனாலும் இந்தப் பேச்சு நியாயமில்லை.

சுயசார்பு தேவையா என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் கிடந்தோம். டொலர் இல்லாததால் டீசல் இல்லை, டீசல் இல்லாததால் கரண்ட் இல்லை. அதற்குப் பிறகு 2022 ஆகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் 66 வீதம் என்று கட்டணம் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் 900 மெகாவாட், ஆனால் அதில் எரிகிற நிலக்கரி முழுக்கக் கப்பலில்தான் வரவேண்டும். தென்மேற்குப் பருவம் தொடங்கி அந்தக் கடல் கொந்தளித்துவிட்டால் இறக்கவும் முடியாது, அதனால் செப்டெம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்குள் வருடத்துக்கு வேண்டியதை இறக்கிக் குவித்துவிட வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், நிலக்கரிக் கப்பலைக் கிட்ட வரவிடாத அதே பருவக் காற்றுதான் மே தொடக்கம் மன்னாரில் வீசிக் காற்றாடிகளைச் சுற்றுகிறது. மின்சார சபை கட்டிய தம்பபவனி காற்றாலைப் பண்ணை 30 காற்றாடிகளோடு 103.5 மெகாவாட் கொள்ளளவில் அங்கே நிற்பது சும்மா இல்லை. மன்னார் காற்றை விட்டுவிட்டுச் சுயசார்பு பேசுவதில் அர்த்தமில்லை, அதுவும் சரி.

அப்படியானால் அந்த மக்கள் ஏன் தெருவுக்கு வந்தார்கள்? மன்னார் தீவு கடல் மட்டத்திலிருந்து பெரிதாக உயராத தட்டை நிலம். ஒரு கோபுரத்துக்கு அத்திவாரம் போட்டு, அந்தப் பெரிய இறக்கைகளைக் கொண்டுபோகப் பாதையும் உயர்த்திப் போட்டால், மாரியில் கடலுக்கு ஓடவேண்டிய தண்ணீர் வளவுக்குள்ளே நிற்கிறது என்பதுதான் அவர்களுடைய முதல் முறைப்பாடு. கரைவலை இழுக்கிறவனுக்குக் கரை வேண்டும். மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகள் இறங்குகிற வங்காலைச் சரணாலயம் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இருக்கிற இடம். இல்மனைட் என்ற கனிமத்துக்காக மண் அள்ள வருகிறவர்கள் மேல் உள்ள பயம் வேறு. காற்றாடி மழை மேகத்தைக் கலைத்துவிடும் என்று சிலர் சொல்வதை நான் நம்பவில்லை, அதை அவர்களிடமே சொல்வேன். ஆனால் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியுமா? 2025 ஆகஸ்டில் ஜனாதிபதி ஒரு மாதம் காற்றாலை வேலையை நிறுத்தினார், நல்லது. ஆனால் செப்டெம்பர் 26 இரவு காற்றாடிப் பாகங்கள் பொலிஸ் காவலோடு வந்தபோது மறித்த சனம் காயப்பட்டது, 29ஆம் திகதி மாவட்டமே கதவடைத்தது.

இதைத் தமிழர் பிரச்சினை என்று சுருக்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். உமாஓயா நீர்மின் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டும்போது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, அங்கே தெருவில் இறங்கியவர்களில் பெரும்பாலானோர் சிங்களவர்கள் இல்லையா? நுரைச்சோலையை ஆரம்பத்திலிருந்து எதிர்த்தவர்களில் மீனவர்களும் கத்தோலிக்கச் சபையும் இருந்தார்கள். எங்கள் தமிழர் பக்கத்துக் கணக்கு இன்னும் நீளம். 2006இல் யுத்தத்தில் திருகோணமலைச் சம்பூரை விட்டு ஓடியவர்கள் யுத்தம் முடிந்த பிறகும் கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காகக் கிடந்தார்கள், ஊருக்குப் போக விடாததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று இந்தியாவோடு சேர்ந்து கட்டவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி நிலையம். அது 2016இல் கைவிடப்பட்டது. கட்டாத ஒரு நிலையத்துக்காகச் சனம் வீட்டை விட்டுத் தள்ளி இருந்திருக்கிறது! யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய் கிணற்றுத் தண்ணீரில் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. இதையெல்லாம் பார்த்த ஒருவரிடம் போய் 'ஒன்றும் ஆகாது, கையெழுத்துப் போடுங்கள்' என்றால் அவர் நம்பவேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

பில் விடயத்துக்கே வருவோம். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைக்கு இந்தியாவின் அதானி நிறுவனத்தோடு 2024இல் பேசி முடித்த விலை யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சதம், 20 வருடத்துக்கு. ஆட்கள் கேள்வி கேட்டார்கள், வழக்குப் போட்டார்கள், ஆட்சி மாறியது, விலையை மறுபடி பார்க்கப் போகிறோம் என்றதும் 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அதே மன்னாரில் வேறொரு 50 மெகாவாட் காற்றாலைக்கு வந்த விலை 4.65 சதம். எதிர்ப்பால் பில் ஏறுகிறது என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

அப்புறம் கொழும்பு. மாலை 6.30 முதல் 10.30 வரைதான் நாட்டில் கரண்ட் ஆக அதிகம் இழுபடும் நேரம், அந்த நேரத்தில் சூரியன் இல்லை. பகலில் உற்பத்தியாகிறதைச் சேமிக்க பற்றரி போதாததால் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலார் வைத்திருப்பவர்களை அதை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். (அதே வருடம் பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து முழு நாடும் இருண்டது என்றார்கள், அந்தப் பாவத்தையும் மன்னார் மேல் போடாமல் விட்டார்களே.) எங்கள் தொடர்மாடிக் கூரையில் தண்ணீர்த் தாங்கியும் துருப்பிடித்த டிஷ் அன்டனாக்களும் தவிர ஒன்றும் இல்லை. நிர்வாகக் கூட்டத்தில் சோலார் பேச்சை எடுத்தபோது, உடுப்புக் காயப்போட இடம் போய்விடும் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள், விடயம் அங்கேயே முடிந்தது. எங்களை யாரும் அபிவிருத்திக்கு எதிரிகள் என்று சொல்லவில்லை, பொலிஸும் வரவில்லை.

அரசிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த திட்டத்துக்கு ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே பேசாலையிலோ தலைமன்னாரிலோ ஒரு மண்டபத்தில், தமிழில், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று காட்டும் வரைபடத்தை விரித்து வைத்துப் பேசுங்கள், யூனிட்டுக்கு இத்தனை சதம் அந்த ஊருக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அதற்காக கொழும்பில் எங்கள் பில்லில் கொஞ்சம் கூடினால் கூடட்டும், நான் கட்டுகிறேன். போன வார வாசகரும் கட்டுவாரா?

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்
கொழும்பு 06